இரண்டு பக்கமும் பிள்ளையார் சுழி

ஜனவரி 5, வெள்ளி

மளிகைச் சீட்டு எழுதினாலும் மேலே ஒரு ‘உ’ போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இந்தப் பக்கத்திலும் போட்டாயிற்று. பெண்கள் பாலிடெக்னிக்கில் இன்ஜினியரிங் டிராயிங் நடத்திய காலத்தில் மாணவிகள் என் முதுகுக்குப் பின்னால் ‘உ டீச்சர்’ என்று சொல்லிச் சிரித்தது எனக்குத் தெரியும். சிரிக்கட்டும்.

ஓய்வு பெற்றதிலிருந்து கார் ஷெட்டில் ஒரு மிஷின் கட்டிக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே மரப் பலகையில் குடைந்து தரும் மிஷின். கடையில் வாங்கினால் அதற்கு சிஎன்சி ரவுட்டர் என்று பெயர். வீட்டில் செய்தால் ‘வசந்தாமணிக்கு என்னமோ ஆயிப்போச்சு’ என்று பெயர். என் வீட்டுக்காரர் நஞ்சப்பன் காரை வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறார். தினமும் காலையில் அதன்மேல் விழுந்த இலைகளை எனக்குக் கேட்கும்படி பெருக்குகிறார்.

இன்று மிஷினை முதல் தடவையாக ஓட்டிப் பார்த்தேன். பிளைவுட்டில் செய்த சட்டம் கிடுகிடுவென்று ஆடியது. நேர்கோடு கேட்டேன், மண்புழு போன தடம் கிடைத்தது. பிளைவுட் சரிப்படாது. நல்ல கனமான இரும்புத் தட்டில் லேசர் வைத்து வெட்டிய பலகங்கள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் நவநீதன், தான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வருகிறான். உடுமலையில் அவள் வீட்டில் பேசி முடித்தபோது கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்ததுதான், இரண்டு வார்த்தை பேசவில்லை. பெயர் கிருஷ்ணவேணி. ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் ஃபோனில் பேசும் வேலை. பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கல்யாணம் பிப்ரவரி 26.

எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. இதை மகனிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்றாம் தடவை சொன்னபோது அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

ஜனவரி 7, ஞாயிறு

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி, “வா கண்ணு, உள்ள வா” என்று சொல்லிவிட்டேன்.

எழுதும்போதே கூசுகிறது. இந்தக் கோயம்புத்தூரில் யாரைத்தான் கண்ணு என்று கூப்பிடுவதில்லை? பால் ஊற்றுகிறவர் கண்ணு, கொரியர் பையன் கண்ணு, எங்கள் வீட்டுப் பூனைகூடக் கண்ணுதான். வாய்க்கு அது பழகிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. அவள் “வர்றேங்க அத்தை” என்றாள், லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். இனிமேல் அம்மிணி என்றுதான் கூப்பிடுவது.

அரிசிம்பருப்பு சாதம் செய்திருந்தேன். இலையில் எது எங்கே இருக்கிறது என்று கேட்டாள். “மேல் இடது மூலையில் பொரியல், அதுக்கு வலப்பக்கம் அப்பளம்” என்று வரைபடம் சொல்லுவதுபோல் சொன்னேன். “இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லைங்க அத்தை” என்றாள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ரசம் எடுத்துவர உள்ளே போய்விட்டேன்.

பேச்சு பதிவு அலுவலகத்துக்குத் திரும்பியது. கோவிலில் தாலி கட்டியதும் அன்றைக்கே பதிவும் செய்துவிடலாம் என்று ஏற்பாடு.

“நான் போயி விசாரிச்சுட்டேன்” என்றார் அவர். “பார்வை இல்லாதவங்க கைநாட்டு வெச்சாப் போதும்னு சொல்லிட்டாங்க. ஒண்ணும் சிரமமில்ல.”

வேணி கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் கைநாட்டு வெக்கலீங்க மாமா. தினமும் ஃபோன்ல எத்தனையோ பேருகிட்ட ‘உங்க கையெழுத்து ஒத்துப்போகலீங்க, திரும்பப் போட்டு அனுப்புங்க’ன்னு சொல்றேன். எனக்குன்னு ஒரு கையெழுத்து இல்ல. எம்.ஏ. வரைக்கும் படிச்சதெல்லாம் பிரெய்ல்தான். புள்ளி தெரியும், எழுத்து எப்படி வளையும்னு தெரியாது. என்ற கல்யாணத்துக்காச்சும் என்ற பேரை நானே எழுதோணும்.”

“வேணின்னு ரெண்டெழுத்துப் போட்டாப் பத்தாதா?” என்றான் நவநீதன்.

“பத்தாது.”

அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரி 8, திங்கள்

பலகையில் எழுத்தைக் குழியாகக் குடைந்து கொடுத்தால் விரல் அந்தக் குழியிலேயே ஓடும். முதலில் உள்ளங்கை அளவு எழுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னது, கடைசியில் பேனாவால் எழுதும் அளவு. விரல் பழகினால் கை பழகிவிடும். மிஷினுக்கும் முதல் வேலை என்று ஒன்று வேண்டும் அல்லவா. அதற்காகத்தான்.

ஜனவரி 9, செவ்வாய்

“ஆசாரிகிட்டச் சொன்னா உளி வெச்சுச் செதுக்கிக் குடுத்துட்டுப் போறாரு. இதுக்கொரு மிஷினா?” என்று அவர் கேட்டார். ஒரே எழுத்து ஆறு அளவில் ஒன்றுபோல வரவேண்டும் என்று விளக்கினேன். “சரி சரி, காரு வெளியவே கெடக்கட்டும்” என்றார்.

பலகங்களை வரைந்து முடித்தேன். முக்கியமானவை இடது தட்டும் வலது தட்டும். இரண்டும் ஒரே வரைபடம்தான், இரண்டு பிரதி. இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு ஒரு நீளமான திருகுக் கம்பி போகும். அது சுழன்றால்தான் வெட்டும் தலை இடம்வலமாக நகரும். மோட்டாருக்கு இடம் போதாததால் கம்பி நுழையும் துளையை நடுவிலிருந்து அரை நூல் முன்னால் தள்ளினேன். அரை நூல் என்றால் அரிசி கனம்தான், சும்மா பார்த்தால் தெரியாது.

கம்ப்யூட்டரில் தாளுக்கு மேல் ஓரம் என்று ஒன்று கிடையாது. அதனால் தட்டுக்குள்ளேயே, மேலே காலியாக இருந்த இடத்தில், ரெட்டைக் கோட்டில் அழகாக ஒரு ‘உ’ போட்டேன். அது போட்ட பிறகுதான் மனசு சமாதானமானது.

ஜனவரி 10, புதன்

பென் டிரைவை எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போனேன். பிள்ளையார் கோவிலுக்கு இல்லை, கணபதி என்கிற பேட்டைக்கு. அங்கே தாமோதரன் லேசர் கட்டிங் பட்டறை வைத்திருக்கிறார். என் மாணவி ஒருத்தியின் கணவர், அதனால் அவரும் எனக்கு மாணவர் கணக்குத்தான்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அட, அந்தப் பேரையே நான் தகட்டுல வெட்டிக் குடுத்துட்டாப் போச்சுங்களே டீச்சர். நீங்க எதுக்கு மிஷின் செஞ்சு சிரமப்படறீங்க?”

நான் பட்டறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினேன். பிறகு அங்கே கிடந்த சாக்பீஸை எடுத்துத் தரையில் பெரிதாக ஒரு ‘ண’ எழுதினேன்.

“இது மூணு சுழி. உங்க லேசர் தகட்டை ஊடுருவித்தானே வெட்டும்? சுழியைச் சுத்தி வெட்டினா நடுவுல இருக்கறது என்னாகும்?”

“உதிந்துருமுங்க.”

“சுழி உதிந்துபோன எழுத்தை வெச்சு அந்தப் புள்ள எப்படிப் பழகும்? எழுத்து குழியா இருக்கோணும், அடியில பலகையும் இருக்கோணும். அதுக்கு ரவுட்டருதான் வேணும்.”

“அதுவும் வாஸ்தவந்தானுங்” என்று ஒப்புக்கொண்டார். இந்தப் பதில் எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தோன்றியது என்று அவருக்குத் தெரியாது.

ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பிவிடுவார்களாம். அவர்கள் திரும்பி வந்துதான் வெட்ட முடியும். “சரி, வரட்டுமா கண்ணு” என்று சொல்லிவிட்டு வந்தேன். தாமோதரனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவரிடம் சொன்னால் எந்தக் கூச்சமும் இல்லை.

ஜனவரி 15, திங்கள், பொங்கல்

பொங்கல் நன்றாகப் பொங்கிற்று.

மாலையில் ரவிக்கை அளவு கேட்பதற்காக வேணிக்கு ஃபோன் செய்தவள், பேச்சுவாக்கில் எழுத்துப் பலகை யோசனையைச் சொல்லிவிட்டேன். அவள் “‘கி’ எப்படிங்க அத்தை இருக்கும்?” என்று கேட்டாள். முப்பது வருஷம் வரைபடம் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது என்ன பெரிய காரியம்? “மேல ஒரு படுக்கைக் கோடு, அதுல இருந்து கீழ ஒரு நேர்கோடு, இடப்பக்கம் ஒரு வயிறு, வலப்பக்கம் வந்து ஒரு வளைவு...” என்று ஆரம்பித்தேன். “வயிறு மேல்கோட்டுல ஒட்டுமா, நேர்கோட்டுல ஒட்டுமா?” என்றாள். நான் காற்றில் எழுதிப் பார்த்தேன். அப்புறம் மாவுக்கோலத்தின் பக்கத்தில் விரலால் எழுதிப் பார்த்தேன். “அப்ப மேல கொக்கி எங்கிருந்து கெளம்பும்?” என்றாள். இரண்டு பேரும் ‘கி’யிலேயே முக்கால் மணி நேரம் நின்றோம். அவள் சிரித்த சிரிப்பில் அவள் வீட்டார் என்னவோ ஏதோ என்று வந்து கேட்டார்கள்.

ரவிக்கை அளவு கேட்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 20, சனி

தட்டுகள் வந்துவிட்டன. ஆட்டோவிலிருந்து அவரும் டிரைவரும் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். கனம் என்றால் அப்படிக் கனம். துளைகளெல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தமாக விழுந்திருந்தன. நான் தடவித் தடவிப் பார்த்துப் பூரித்துப் போனேன்.

அப்புறம்தான் பார்த்தேன். இரண்டு தட்டிலும், மேலே, உள்ளங்கை அகலத்தில், வெளிச்சம் தெரிகிற மாதிரி ஒரு ‘உ’ ஓட்டை.

லேசருக்கு எது சாமி எது கோடு என்று தெரியுமா? ஃபைலில் கோடு இருந்தது, வெட்டிவிட்டது. சுருளின் வாயை நான் மூடாமல் வரைந்ததால் நடுப்பகுதி மட்டும் உதிராமல் தப்பித்திருக்கிறது.

ஃபோனில் கத்தினேன். தாமோதரன் நிதானமாகச் சொன்னார்: “நீங்க வரைஞ்சதத்தானுங்க டீச்சர் வெட்டினோம். அதுவுமில்லாம, கணபதியில குடுத்தா பிள்ளையார் சுழி விழாம வேற என்னங்க விழும்?”

கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. ஃபோனை வைத்துவிட்டு ஷெட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

காலையில் எழுந்ததும் இரண்டு ‘உ’வின் ஓரங்களையும் அரம் போட்டுப் பிசிறில்லாமல் வழித்தேன். மிஷின் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்பதற்காக.

பத்து மணிக்கு வேணி வந்தாள். தட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். விளிம்பில் ஆரம்பித்து ஒவ்வொரு துளையாகத் தடவிக்கொண்டே மேலே வந்த விரல், அந்த ஓட்டையில் நின்றது.

“இதென்னங்க அத்தை?”

“பிள்ளையார் சுழி அம்மிணி. தெரியாம வெட்டுப்பட்டுருச்சு.”

அவள் விரலை உள்ளே விட்டு மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

“இதுதானா அது? பிள்ளையார் சுழி போடு, பிள்ளையார் சுழி போட்டாச்சான்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். வட்டமா என்னமோ இருக்கும்னு நெனச்சுட்டிருந்தேன்.” மறுபடியும் ஒரு தடவை ஓட்டினாள். “உள்ள சுருண்டு படுத்திருக்குது. வெளிய வந்து, சுத்தி, கீழ எறங்கி, அப்பறம் நேரா ஓடியே போயிருது. எங்கியோ அவசரமாக் கெளம்பற மாதிரி இல்லீங்களா அத்தை?”

இந்த வயதுக்குள் எத்தனை ஆயிரம் ‘உ’ போட்டிருப்பேன். அது கிளம்புகிறது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். இரும்புத் தூள் விழுந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் பிறகு என் உள்ளங்கையில் விரலால் ஒரு ‘உ’ எழுதிக் காட்டினாள். சரியாக இருந்தது.

ஜனவரி 25, வியாழன், தைப்பூசம்

தைப்பூசம், நல்ல நாள் என்று தட்டுகளை மாட்ட ஆரம்பித்தோம். இடது தட்டை நிறுத்திப் போல்ட் போட்டோம். வெளியே நின்று பார்த்தால் ‘உ’ அம்சமாகத் தெரிந்தது. வலது தட்டை நான் நிறுத்தியபோது அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“ஏம் புள்ள, இந்தப் பக்கம் நின்னு பாரு, ‘உ’ திரும்பியில்ல தெரியுது? பிள்ளையாரைத் திருப்பியா வெப்பாங்க?”

போய்ப் பார்த்தேன். ஆமாம், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறித் தெரிந்தது. மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. போல்ட் துளைகள் எப்படித் திருப்பினாலும் பொருந்துகிற மாதிரி வரைந்திருந்ததால் தட்டைத் திருப்பி மாட்டினோம். இப்போது எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ‘உ’ நேராக இருக்கிறது. ஒரு கற்பூரம் காட்டினார்.

ஜனவரி 28, ஞாயிறு

திருகுக் கம்பி சுற்றவில்லை. கொஞ்ச தூரம் போகிறது, அப்புறம் இறுகி நின்றுவிடுகிறது. மோட்டார் முனகுகிறது. பேரிங்கைக் கழற்றி மாட்டினேன். எண்ணெய் விட்டேன்.

ஜனவரி 30, செவ்வாய்

இறுகுகிறது.

பிப்ரவரி 1, வியாழன்

புதுக் கம்பி வாங்கிப் போட்டேன். அதுவும் இறுகுகிறது. தாமோதரனே நேரில் வந்து வெர்னியர் வைத்து இரண்டு தட்டையும் அளந்தார். துளைகள் எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கின்றன. தப்பு என் வரைபடத்தில்தான் என்று நான் சொன்னேன். “உங்க வரைபடத்துலயா? இருக்காதுங் டீச்சர்” என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

கல்யாணத்துக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை. ஒரு பலகைகூட இன்னும் வெட்டவில்லை. எழுத்துக்குப் பழக நாள் வேண்டாமா? இன்று சாப்பிடும்போது, “கைநாட்டு மையி வெரல்ல எத்தனை நாளைக்கு இருக்கும்?” என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வேணிக்கு நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டாலும் அது வாக்குத்தான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

வேணி வந்தபோது நான் ஷெட்டில் ஸ்பேனரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். முடியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி அம்மிணி” என்றேன். அவள் மிஷினுக்கு முன்னால் வந்து நின்று, தனக்குத் தெரிந்த ‘உ’வைத் தேடி இடது கையை நீட்டினாள். அது கிடைத்ததும், “அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்குதில்லீங்க?” என்று வலது கையையும் நீட்டினாள். மிஷின் அப்படியொன்றும் அகலமில்லை. இரண்டு கையும் இரண்டு தட்டின் வெளிப்பக்கத்தை எட்டிவிட்டன.

இரண்டு விரலையும் ஒரே நேரத்தில் ‘உ’வில் ஓட்டினாள். நிறுத்தினாள். திரும்ப ஓட்டினாள்.

“ஏனுங்க அத்தை, ரெண்டும் ஒரே தட்டுதான்னு சொன்னீங்க?”

“ஒரே வரைபடம்தான்.”

“அப்படின்னா ரெண்டு கையும் ஒண்ணாத்தானே போகோணும்? எடது கை என்னைப் பாத்து வருது, வலது கை என்னை விட்டுப் போகுது.”

எனக்கு அந்த இடத்திலேயே தலையில் ஓங்கிக் குட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிள்ளையார் நேராகத் தெரிய வேண்டும் என்று வலது தட்டைத் திருப்பிவிட்டோம். முன்னால் அரை நூல் தள்ளியிருக்க வேண்டிய துளை அதில் பின்னால் அரை நூல் போய்விட்டது. கம்பி குறுக்கே கோணலாக மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. தாமோதரன் தட்டு தட்டாக அளந்தாரே தவிர, எந்தத் தட்டு எப்படி நிற்கிறது என்று யாருமே பார்க்கவில்லை. கற்பூரம் காட்டிய தட்டை யார் சந்தேகப்படுவார்கள்?

“ஏனுங்க! ஓடியாங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் அவர் சவரம் பாதியில் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது, ஆனால் மனசு ஒப்பவில்லை.

“அதுக்காகப் பிள்ளையாரைத் திருப்பி வெக்கறதா?”

“மாமா, வெளிய நின்னு பாக்கறவங்களுக்குத்தானே அது திரும்பித் தெரியும்?” என்றாள் வேணி. “மிஷினுக்கு உள்ள இருந்து பாத்தா நேராத்தானே இருக்கும்? வேலை செய்யறது மிஷினு. அதுக்கு நேராத் தெரிஞ்சாப் பத்தாதா?”

அவர் பாதிக் கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்தார். பிறகு, “இந்தப் புள்ளை பேங்குல இருக்க வேண்டியதே இல்ல, வக்கீலாப் போயிருக்கோணும்” என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

தட்டைத் திருப்பி மாட்டினோம். கம்பியை இரண்டு விரலால் சுற்றினேன். வெண்ணெயில் கத்தி போனதுபோல ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போயிற்று. நான் கத்தினேன், அவர் கத்தினார், பூனை ஷெட்டை விட்டு ஓடிவிட்டது.

முதலில் எந்த எழுத்து என்று கேட்டேன். “மூணு சுழி” என்றாள் அவள். வேப்பம்பலகையில் மோட்டார் மெல்லப் பாடிக்கொண்டே ‘ண’வைக் குடைந்தது. தூளை ஊதிவிட்டு அவள் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு சுழியாக எண்ணினாள். ஒரு சுழியும் உதிரவில்லை.

காப்பி குடிக்கும்போது அவள் கேட்டாள்: “அத்தை, நவநீதனைக் கண்ணுங்கறீங்க, பூனையைக் கண்ணுங்கறீங்க. போன தடவை நான் வந்தப்ப ஃபோன்ல தாமோதரன் சாரைக்கூடக் கண்ணுன்னீங்க. என்னை மட்டும் ஏனுங்க அம்மிணி?”

அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 10, சனி

ஆறு எழுத்தும் ஆறு அளவில் வெட்டி முடித்தாயிற்று. ஷெட் முழுக்க மரத்தூள். என் தலைமுடியிலும் அதே தூள். வேணி சின்னப் பலகைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் பழகுகிறாளாம். பக்கத்து சீட் பெண்ணுக்கும் ‘ஷ்’ எழுதுவதில் இருந்த தகராறு தீர்ந்துவிட்டதாம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

பேனாவுக்கு வந்துவிட்டாள். ‘கி’ நன்றாக விழுகிறது. ‘வே’யில் கொம்பு சில சமயம் பக்கத்து எழுத்தை இடிக்கிறது. பெரிய தொல்லை ‘ஷ்’தான். எழுத்து சரியாக வந்தாலும் அதன் மேல் வைக்கும் புள்ளி எங்காவது பறந்துவிடுகிறது. ஒரு தடவை ‘ண’ மேல் போய் உட்கார்ந்தது, ஒரு தடவை மேசைவிரிப்பில். “வாழ்க்கை பூரா புள்ளியிலயே படிச்சேன், இந்த ஒரு புள்ளி அடங்க மாட்டேங்குது பாருங்க” என்று அவளே சிரித்தாள். நவநீதன் புள்ளி வைக்காமலே விட்டுவிடலாம் என்றான். நானும் அவளும் ஒரே குரலில் “அதெப்படி?” என்றோம்.

பிப்ரவரி 22, வியாழன்

தாமோதரன் கல்யாணப் பத்திரிகை வாங்க வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய தகட்டை எடுத்து நீட்டினார். நடுவே நீளமாக ஒரு ஜன்னல். காகிதத்தின் மேல் வைத்தால் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் ஜன்னலில் தெரியும், கை கோட்டை விட்டு இறங்காது. ஜன்னலின் மேல் விளிம்பில், மூன்றாவது எழுத்துக்கு நேராக, ஒரு குட்டிப் பள்ளம். “புள்ளிக்குங்க டீச்சர்” என்றார். ஊர் முழுக்க இந்தப் புள்ளிக் கதை பரவியிருக்கிறது. அவருக்கு இரண்டு தடவை காப்பி கொடுத்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

கல்யாணம் முடிந்தது. காலெல்லாம் வலி. பட்டுப்புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோவிலில் எல்லாம் நன்றாக நடந்தது. நவநீதன் தாலி முடிச்சில் தடுமாறினான், வேணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து நேராகப் பதிவு அலுவலகம். ஒரே கூட்டம். பக்கத்து மேசையில் யாரோ ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பதிவேட்டைத் திறந்த எழுத்தர், வேணியைப் பார்த்ததும் நல்ல மனசோடுதான் மைப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

“பேனா குடுங்க சார்” என்றாள் வேணி.

நவநீதன் தகட்டை அவள் கட்டத்தில் வைத்தான். அவள் பேனாவைப் பிடித்தாள். ஜன்னலின் விளிம்பைத் தொட்டாள். கை அங்கேயே நின்றுவிட்டது. ஷெட்டில் இருக்கும் அமைதி இங்கே இல்லை. சுற்றிலும் சத்தம், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியும். எழுத்தர் மைப் பெட்டியை மூடலாமா வேண்டாமா என்று பார்த்தார். எத்தனையோ நாளாக நாக்கைக் காத்து வைத்திருந்ததெல்லாம் அந்த நேரத்தில் காற்றில் போய்விட்டது.

“எழுது கண்ணு” என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஃபோனில் கத்திக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

வேணி முகம் முழுக்கச் சிரித்தாள். ஜன்னலிலிருந்து பேனாவை எடுத்து, தகட்டுக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் முதலில் ஒரு ‘உ’ போட்டாள். சுருண்டு, சுற்றி, இறங்கி, கிளம்பியது. பிறகு ஜன்னலுக்குள் வந்து எழுதினாள். கி. ரு. ஷ், பள்ளத்தைத் தொட்டு, புள்ளி. மூன்று சுழி. வே. மறுபடி மூன்று சுழி, மேலே கொக்கி.

எழுத்தர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். “ஏம்மா, மேல இதென்ன?”

“எங்க அத்தையோட மிஷினுங்க சார்” என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அதற்குக் கீழே இருந்த பெயரை மெல்ல வாய்விட்டுப் படித்தார், “கிருஷ்ணவேணி”. மைப் பெட்டியை மூடி மேசை இழுப்பறைக்குள் வைத்தார்.

சாட்சிக் கட்டத்தில் நான் போட வேண்டும். என் கண் கலங்கியிருந்தது, கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. முப்பது வருஷம் கோடு போட்ட கை, கோணலும் மாணலுமாக ஒரு கையெழுத்தைப் போட்டது. பேனாவை வைத்ததும் வேணி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, மேல ‘உ’ போட்டீங்களா?”

குனிந்து பார்த்தேன்.

“இல்ல கண்ணு” என்றேன். “மறந்துட்டேன்.”